வாசகர் கேள்வி பதில்: வைரம் விளையும் பூமியில் வறுமை ஏன்?

போன இதழில் ஒருவர், கைப்பேசி பேட்டரிக்குள் போடும் கோபால்ட் எங்கிருந்து வருகிறது என்று கேட்டிருந்தார். உலகத்தில் வெட்டியெடுக்கும் கோபால்ட்டில் சுமார் 70 விழுக்காடு காங்கோ ஜனநாயகக் குடியரசிலிருந்து வருகிறது, ஆனால் அந்த நாட்டில் பெரும்பாலான வீடுகளில் மின்சாரம் இல்லை என்று ஒரே வரியில் பதில் எழுதிவிட்டு நான் அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். நீங்கள் போகவில்லை. இந்த மாதம் வந்து குவிந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஆப்பிரிக்காவைப் பற்றித்தான். சரி, இந்த முறை முழுக்க அதையே பேசிவிடுவோம். பலர் பெயர் போட வேண்டாம் என்று சொன்னதால் எல்லாருக்கும் வட்டாரத்தை மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி: தங்கம், வைரம், எண்ணெய் எல்லாம் ஆப்பிரிக்காவில் கொட்டிக் கிடக்கிறது. நமக்குக் குடிதண்ணீரே ஜோகூரிலிருந்து வர வேண்டியிருந்தது. நாம் உழைத்தோம், அவர்கள் உழைக்கவில்லை. இதுதானே வித்தியாசம்? (ஓய்வுபெற்ற துறைமுக ஊழியர், தெலுக் பிளாங்கா)

ஐயா, நீங்கள் துறைமுகத்தில் இருந்தவர், அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். நம் சிங்கப்பூருக்கு இயற்கை வளம் எதுவுமே இல்லை என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிச் சொல்லி அது மந்திரம் மாதிரி வாயில் ஒட்டிக்கொண்டது. மலாக்கா நீரிணை முடிகிற இடத்தில் கப்பல் வந்து நிற்க வசதியான ஆழமுள்ள கரை, இது வளம் இல்லாமல் வேறு என்னவாம்? கிழக்கிந்தியக் கம்பெனியின் ராஃபிள்ஸ் 1819-இல் இங்கே காற்று வாங்க வரவில்லை. ஆனால் துறைமுகத்தைத் தோண்டி எடுத்து லண்டனுக்குக் கொண்டுபோக முடியாது. அதில் காசு பார்க்க வேண்டுமென்றால் இங்கேயே கிடங்கு கட்ட வேண்டும், கணக்கெழுத ஆள் வேண்டும், சரக்கில் தகராறு வந்தால் தீர்க்க நீதிமன்றம் வேண்டும், சீன வணிகரும் செட்டியாரும் அரபு வணிகரும் நம்பி வந்து கடை போட வேண்டும். வெள்ளைக்காரர் தன் லாபத்துக்காகத்தான் இதையெல்லாம் செய்தார், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனாலும் அவர் கிளம்பிப் போனபோது அவை இங்கேயே நின்றுவிட்டன.

சுரங்கத்துக்கு இந்தப் பாடெல்லாம் இல்லை. ஒரு குழி, குழியிலிருந்து கடற்கரை வரை ஒரு ரயில் பாதை, குழியில் இறங்க மறுப்பவனை இறக்க ஒரு துப்பாக்கி, முடிந்தது. ஆப்பிரிக்காவின் பழைய ரயில் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலான பாதைகள் சுரங்கத்திலோ தோட்டத்திலோ தொடங்கி நேரே கடலுக்கு ஓடும், பக்கத்து ஊர்ச் சந்தையைச் சட்டை செய்யாது. காங்கோவின் கட்டாங்கா செம்பை அங்கோலாவின் லோபிட்டோ துறைமுகத்துக்குக் கொண்டுபோகப் போட்ட பாதை இன்றைக்கும் செய்தியில் அடிபடுகிறது. அமெரிக்கா கடன் கொடுத்து அதைப் புதுப்பிக்கிறது, அதே செம்புக்காக, அதே திசையில்.

உழைக்கவில்லை என்பதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள் ஐயா. அட்லாண்டிக் கடல் தாண்ட அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டவர்கள் சுமார் 1.25 கோடி பேர். பெரும்பாலும் உழைக்கிற வயதில் இருந்தவர்களைத்தான் பிடித்தார்கள். அந்த வியாபாரம் ஓய்ந்த பிறகு சொந்த ஊரிலேயே கட்டாய உழைப்பு. பிரெஞ்சு ஆப்பிரிக்காவில் அது சட்டப்படி ஒழிந்தது 1946-இல், போர்ச்சுகல் 1961 வரை இழுத்தடித்தது. நம் அப்பா தாத்தா காலம்தான் அது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 1965-இல் நாம் மலேசியாவிலிருந்து பிரிந்தபோது இங்கே ஆளுக்கு ஆண்டு வருமானம் ஏறத்தாழ 500 அமெரிக்க டாலர். அடுத்த ஆண்டு விடுதலை பெற்ற போட்ஸ்வானாவில் 100 டாலர்கூட இல்லை. மீன்பிடிக் கிராமத்திலிருந்து கிளம்பி வந்தோம் என்பது தேசிய தின மேடைக்கு நன்றாக இருக்கும், ஒப்பிட்டுப் பேசும்போது உதவாது.

கேள்வி: 1884 பெர்லின் மாநாட்டில் ஐரோப்பியர்கள் வரைபடத்தை விரித்துவைத்து ஸ்கேலால் கோடு போட்டு ஆப்பிரிக்காவைப் பங்கு பிரித்தார்கள் என்று படித்தேன். உண்மையா? (தொடக்கக்கல்லூரி மாணவி, பொங்கோல்)

பாதி உண்மை, தங்கச்சி. 1884 நவம்பரில் தொடங்கி 1885 பிப்ரவரி வரை ஜெர்மனியின் பிஸ்மார்க் கூட்டிய அந்த மாநாட்டில் 14 நாடுகள் உட்கார்ந்தன, ஆப்பிரிக்காவிலிருந்து ஒருவரையும் கூப்பிடவில்லை, அதெல்லாம் சரி. ஆனால் அங்கே அதிகம் பேசியது விதிமுறை: காங்கோ, நைஜர் ஆறுகளில் யார் கப்பல் விடலாம், ஒரு கடற்கரையைத் தனது என்று சொல்கிறவர் அங்கே உண்மையிலேயே ஆட்சி நடத்திக் காட்ட வேண்டும், இப்படி. கோடு போட்டதெல்லாம் பெரும்பாலும் அதற்கு அப்புறம், இரண்டிரண்டு நாடாகத் தனியாக உட்கார்ந்து பேரம் பேசி. (தேர்வில் இதை எழுதி மதிப்பெண் போனால் என்னிடம் வராதே.)

அந்தக் கோடுகளில் எனக்கு மறக்காத ஒன்று நமீபியாவின் வடகிழக்கு மூலையில் இருக்கிறது. வரைபடத்தில் பார்த்தால் நாட்டிலிருந்து நீளமாக, ஒல்லியாக, சுமார் 450 கிலோமீட்டருக்கு ஒரு துண்டு கிழக்கே நீட்டிக்கொண்டிருக்கும், கப்ரிவி என்று பெயர், அப்போதைய ஜெர்மானிய அதிபரின் பெயர்தான் அது. 1890-இல் பிரிட்டனோடு செய்த ஒப்பந்தத்தில் ஜெர்மனி சான்சிபாரை விட்டுக்கொடுத்து, வட கடலில் ஹெலிகோலாந்து என்ற தீவையும் இந்தத் துண்டையும் வாங்கியது. எதற்கு? சாம்பேசி ஆற்றில் இறங்கினால் படகிலேயே இந்துமாக்கடலுக்குப் போய்விடலாம் என்று கணக்கு. ஆற்றில் கொஞ்ச தூரம் போனால் விக்டோரியா அருவி, 100 மீட்டருக்கு மேல் செங்குத்தாக விழுகிறது. இத்தனைக்கும் ஆய்வுப் பயணி லிவிங்ஸ்டன் அந்த அருவியைப் பார்த்து 35 வருடம் ஆகியிருந்தது.

இப்படிப் பிறந்த எல்லைகளைத்தான் புதிதாக விடுதலை பெற்ற ஆப்பிரிக்கத் தலைவர்கள் 1964-இல் கெய்ரோவில் கூடி, அப்படியே வைத்துக்கொள்வது என்று தீர்மானம் போட்டார்கள். சோமாலியாவும் மொராக்கோவும் ஒத்துக்கொள்ளவில்லை. மற்றவர்களுக்குப் பயம், ஒரு கோட்டை அழித்தால் எங்கே போய் நிற்கும் என்று. நியாயமான பயம்தான், ஏனென்றால் யார் பிரிந்து போகப் பார்த்தார்கள் என்று கவனி: காங்கோவில் செம்பு இருந்த கட்டாங்கா 1960-இல், நைஜீரியாவில் எண்ணெய் இருந்த கிழக்குப் பகுதி பியாஃப்ரா என்ற பெயரில் 1967-இல்.

கேள்வி: என் தாத்தா ஜோகூரில் ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். காங்கோவில் ரப்பருக்காக மனிதர்களின் கையை வெட்டினார்கள் என்று எங்கோ படித்ததிலிருந்து மனசு கேட்கவில்லை. இரண்டுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா? (இல்லத்தரசி, செம்பவாங்)

உண்டு அம்மா, நேரடியாகவே உண்டு, இந்த மாதம் வந்த கடிதங்களில் என்னை அதிகம் உட்கார்ந்து யோசிக்க வைத்தது உங்களுடையதுதான்.

1888-இல் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்தார். முதலில் சைக்கிள், பிறகு கார், உலகத்துக்கே ரப்பர் பைத்தியம் பிடித்தது. அன்றைக்கு ரப்பர் கிடைத்தது காட்டில், அமேசான் காட்டிலும் காங்கோ காட்டிலும். காங்கோ அப்போது ஒரு நாட்டின் குடியேற்றம்கூட இல்லை, பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டின் சொந்தச் சொத்து, பெல்ஜியத்தைப் போல 76 மடங்கு பெரிசு. அவர் ஒரு நாள்கூட அந்த மண்ணில் கால் வைத்ததில்லை. அங்கே ரப்பர் மரத்தில் இல்லை, உயர உயரப் படரும் காட்டுக் கொடியில். ஊருக்கு இத்தனை கிலோ என்று கணக்கு வைத்து, ஆண்கள் காட்டிலிருந்து அதைக் கொண்டுவரும் வரை பெண்களைப் பிணையாகப் பிடித்து அடைத்து வைத்தார்கள். மறுத்த ஊரைச் சுட்டார்கள். சிப்பாய் தோட்டாவை வேட்டைக்குச் செலவழித்துவிடக் கூடாது என்பதற்காக, சுட்ட ஒவ்வொரு தோட்டாவுக்கும் ஒரு வலது கையை வெட்டிக் கணக்குக் காட்ட வேண்டும். வேட்டையாடிவிட்டு உயிரோடு இருப்பவரின் கையை வெட்டிக் கணக்கைச் சரிக்கட்டியவர்களும் உண்டு. 1904-இல் ஆலிஸ் ஹாரிஸ் என்ற மிஷனரி எடுத்த ஒரு படம் இருக்கிறது: ஒரு தகப்பன் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார், அவர் முன்னால் அவருடைய சின்ன மகளின் வெட்டப்பட்ட கையும் காலும். செத்தவர் எத்தனை பேர் என்பதில் ஆய்வாளர்களுக்குள் சண்டை உண்டு, ஒரு கோடி என்பாரும் உண்டு. குடிக்கணக்கு எடுக்காத நாட்டில் யார் எண்ணியிருப்பார்கள்?

அதே வருடங்களில் இங்கே நம் பூமலையில், அதாவது தாவரவியல் பூங்காவில், என்ன நடந்தது என்று பாருங்கள். பிரேசில் விதையிலிருந்து லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்த 22 கன்றுகள் 1877-இல் சிங்கப்பூருக்கு வந்தன. 1888-இல் பூமலைப் பொறுப்பை ஏற்ற ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பட்டையை மெல்லிசாகச் சீவி, மீன் முள் வடிவில் சாய்வாகக் கோடு இழுத்து, அடியில் கிண்ணம் வைத்துப் பால் பிடிக்கும் முறையைக் கண்டுபிடித்தார். சீவிய இடம் ஆறி மறுபடி பட்டை கட்டும், மறுபடி வெட்டலாம். தோட்டக்காரர்களைக் கண்டால் சட்டைப் பையிலிருந்து விதையை எடுத்துக் கையில் திணிப்பாராம், அதனால் "பைத்தியக்கார ரிட்லி" என்று பட்டப்பெயர். காப்பி பயிரிட்டவர்கள் ரொம்ப நாள் அவரைச் சட்டை செய்யவில்லை. 1896-இல் மலாக்காவில் டான் சே யான்தான் முதலில் துணிந்து ரப்பரை வணிகப் பயிராகப் போட்டார்.

அப்புறம் நடந்ததை உங்கள் தாத்தாவே சொல்லியிருப்பார். கங்காணி ஊருக்குப் போய் ஆள் திரட்டினார், கப்பல் கப்பலாகத் தமிழர்கள் வந்து இறங்கினார்கள். 1910-களில் தோட்டத்து ரப்பர் காட்டு ரப்பரை முந்தியது, காங்கோக் கொடியைத் தேடுவாரில்லை. பத்திரிகையாளர் மோரல், பிரிட்டிஷ் தூதர் கேஸ்மென்ட் போன்றவர்கள் ஊரைக் கூட்டிப் போட்ட கூச்சலில் 1908-லேயே லியோபோல்டின் கையிலிருந்து காங்கோ பெல்ஜிய அரசின் கைக்குப் போயிருந்தது.

தோட்டம் சொர்க்கமா? மலேரியாவும் கள்ளுக்கடையும் கங்காணியிடம் பட்ட கடனும் சேர்ந்து எத்தனை குடும்பங்களை விழுங்கியது என்பது நம் வீடுகளுக்குத் தெரியும். ஆனாலும் ஒரு வித்தியாசம், அதை நான் சும்மா தாண்டிப் போக விரும்பவில்லை. தோட்ட முதலாளிக்கு நாளைக்கும் பால் வேண்டும், அதனால் மரமும் உயிரோடு இருக்க வேண்டும், வெட்டத் தெரிந்த கையும் இருக்க வேண்டும். லியோபோல்டின் ஆட்களுக்கு அடுத்த வருடத்தைப் பற்றிக் கவலையே இல்லை, கொடியை வேரோடு இழுத்துப் போட்டுவிட்டு அடுத்த காட்டுக்குப் போனார்கள். வாங்கியவர்கள் என்னவோ இரண்டு இடத்துக்கும் ஒருவரேதான், அந்த டயர்க் கம்பெனிகள்.

கேள்வி: காலனி ஆட்சியையே எத்தனை காலம் குறை சொல்வது? விடுதலை கிடைத்து அறுபது வருடம் ஆயிற்று. அங்கே ஒரு லீ குவான் இயூ பிறக்கவில்லை, அவ்வளவுதான் விஷயம். (வாசகர், உட்லண்ட்ஸ்)

அறுபது வருடம் போதும் என்பதில் உங்களோடு பாதி தூரம் வருகிறேன்.

திரு லீயே அங்கே போய்ப் பார்த்தவர். 1964-இல் மலேசியாவுக்கு ஆதரவு தேடி 17 ஆப்பிரிக்க நாடுகளைச் சுற்றினார். 1966 ஜனவரியில் நைஜீரியாவின் லாகோஸில் காமன்வெல்த் மாநாடு. விருந்தில் நிதியமைச்சர் ஒகோட்டி-எபோ அவரோடு பேசிக்கொண்டிருந்தார். சீக்கிரமே அரசியலை விட்டுவிட்டுத் தன் காலணித் தொழிற்சாலையைப் பார்க்கப் போவதாகச் சொன்னாராம். நிதியமைச்சராக இருந்து இறக்குமதிக் காலணிக்கு வரி போட்டாயிற்று, இனி நைஜீரியாவிலேயே காலணி செய்யலாம் என்றும் சொன்னாராம்! திரு லீ பின்னாளில் தன் நினைவுக் குறிப்பில் இதை எழுதியிருக்கிறார். மாநாடு முடிந்து மூன்றே நாளில் ராணுவப் புரட்சி. பிரதமர் பலேவாவையும் அந்த நிதியமைச்சரையும் கொன்றுபோட்டார்கள். திரு லீ அப்போது பக்கத்தில் கானாவில் இருந்தார். அடுத்த மாதம் கானாவின் அதிபர் இன்குருமாவும் வெளிநாட்டுப் பயணத்தில் இருக்கும்போதே கவிழ்க்கப்பட்டார்.

வேலியே பயிரை மேய்ந்த கதை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த வேலியைப் போட்டது யார் என்று கொஞ்சம் தோண்டினால் சுவாரஸ்யமான விஷயம் கிடைக்கும். கானாவில் கொக்கோ பயிரிட்டவர்கள் சிறு விவசாயிகள், சுரங்கக் கூலிகள் இல்லை, சொந்தப் புத்தியில் சொந்த நிலத்தில் விளைவித்து உலகத்திலேயே அதிகம் ஏற்றுமதி செய்தவர்கள். 1947-இல் பிரிட்டிஷ்காரர் கொக்கோ சந்தை வாரியம் ஒன்றை அமைத்தார்கள். விவசாயி வாரியத்துக்கு மட்டும்தான் விற்க வேண்டும், வாரியம் வைத்ததுதான் விலை. உலக விலை ஏறினாலும் விவசாயிக்குக் குறைத்துக் கொடுத்து, மீதியை லண்டனில் போட்டு வைத்தார்கள். விலை இறங்கும்போது விவசாயியைக் காப்பாற்ற என்று சொன்னார்கள். 1957-இல் விடுதலை வந்தது, கொடி மாறியது, பாட்டு மாறியது, வாரியம் மாறவில்லை. இன்குருமாவுக்கு அணை கட்டப் பணம் வேண்டும், பள்ளிக்கூடம் கட்டப் பணம் வேண்டும், நல்ல நோக்கம்தான், கையை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் வாரியம். அவருக்குப் பின் வந்த ராணுவ அதிகாரிகளுக்கு நல்ல நோக்கமும் இல்லை. கடைசியில் 1970-களில் விவசாயிகள் மரத்தைக் கவனிப்பதை விட்டார்கள், விளைந்ததையும் எல்லை தாண்டி ஐவரி கோஸ்ட்டுக்குக் கடத்தினார்கள்.

நான் சொல்ல வருவது இதுதான்: வெள்ளைக்காரர் விட்டுப் போனது பெரும்பாலும் நாடு இல்லை, ஒரு சுங்கச்சாவடி. யார் அதில் உட்கார்ந்தாலும் வசூல் நடக்கும், ஊரைக் கேட்க வேண்டிய அவசியமில்லை. அதில் போய் உட்காராமல், அதையே பிரித்துப் போட்டு வேறு மாதிரி கட்டியவர்தான் தலைவர். அப்படிப்பட்டவர் அங்கே பிறக்காமல் இல்லை, செரெட்சே காமா என்று பெயர், போட்ஸ்வானாவின் முதல் அதிபர்.

போட்ஸ்வானா 1966 செப்டம்பரில் விடுதலை பெற்றபோது அங்கே 12 கிலோமீட்டர் தார்ச்சாலை, பட்டம் பெற்றவர் 22 பேர். பிரிட்டிஷ் நிர்வாகத் தலைமையகமே நாட்டுக்குள் இல்லை, தென்னாப்பிரிக்காவில் மாஃபெகிங் என்ற ஊரிலிருந்து ஆண்டார்கள், அவ்வளவு அக்கறை! காமா ஒரு பெரிய இனக்குழுவின் தலைமைக் குடும்பம். வெள்ளைக்காரப் பெண்ணைக் கட்டிக்கொண்டார் என்று பிரிட்டன் அவரைச் சில வருடம் சொந்த நாட்டுக்குள் விடவே இல்லை. ஆட்சிக்கு வந்ததும் 1967-இல் ஒரு சட்டம்: நிலத்துக்கு அடியில் கிடைப்பது எந்த இனக்குழுவுக்கும் இல்லை, நாட்டுக்கு. அதே ஆண்டு ஒராப்பாவில் வைரம் அகப்பட்டது, அதுவும் எங்கே, அவருடைய சொந்த மக்களின் நிலத்தில். டி பீர்ஸ் கம்பெனி முதலில் அரசுக்குக் கொடுத்த பங்கு 15 விழுக்காடு. 1975-இல் மறுபடி உட்கார்ந்து பேசிப் பாதியாக்கிக்கொண்டார்கள். பிற்காலத்தில் கச்சா வைர விற்பனையையே லண்டனிலிருந்து தங்கள் தலைநகர் காபரோனேவுக்கு 2013-இல் இழுத்து வந்துவிட்டார்கள்.

ரொம்பப் புகழ்ந்துவிடவும் வேண்டாம். கலஹாரியின் சான் மக்களை அவர்கள் நிலத்திலிருந்து அரசாங்கம் கிளப்பியதும், அது சட்டவிரோதம் என்று 2006-இல் அந்நாட்டு நீதிமன்றமே சொன்னதும் இதே போட்ஸ்வானாவில்தான். ஏழை பணக்காரர் இடைவெளி இன்னும் மோசம். ஆய்வகத்தில் செய்கிற வைரம் வந்து சந்தை படுத்ததில் 2024 தேர்தலில் 58 வருடம் ஆண்ட கட்சி தோற்றது. தோற்றதும் எழுந்து போய்விட்டார்கள், அதையும் சொல்ல வேண்டும்.

காமாவுக்கு அதிர்ஷ்டமும் இருந்தது. வைரம் பிரிட்டிஷ்காரர் இருக்கும்போதே அகப்பட்டிருந்தால் அவர்கள் மாஃபெகிங்கில் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். நேர்மாறாக கினியைப் பாருங்கள். 1958-இல் பிரெஞ்சுத் தலைவர் டி கோலின் முகத்துக்கு நேராக, உங்கள் கூட்டமைப்பு வேண்டாம் என்று சொன்ன ஒரே பிரெஞ்சு ஆப்பிரிக்க நாடு அது. அதன் தலைவர் சேக்கு தூரே அன்று கண்டத்துக்கே வீரர். பிரெஞ்சுக்காரர்கள் கோபத்தில் தொலைபேசியைக்கூடப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். அதே தூரே கடைசியில் தன் நாட்டுக்காரர்களையே சிறை முகாமில் அடைத்துச் சாகடித்தார், ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பின் முதல் தலைமைச் செயலாளராக இருந்த டியாலோ டெல்லியும் அங்கேதான் 1977-இல் செத்தார். அலுமினியத் தாதுவான பாக்சைட் உலகத்திலேயே அதிகம் இருப்பது கினியில், அது இன்றும் பெரும்பாலும் மண்ணாகவே கப்பலேறுகிறது. வீரம் இருந்தது, வாரியத்தையும் சாவடியையும் பிரிக்கிற பொறுமை இல்லை.

கேள்வி: காங்கோவின் முதல் பிரதமர் லுமும்பாவைக் கொன்றது யார்? சிஐஏ என்கிறார்கள். (வாசகர், புக்கிட் பாத்தோக்)

சிஐஏ விஷம் அனுப்பியது, அது பயன்படவில்லை. 1961 ஜனவரி 17 அன்று சுட்டது கட்டாங்கா பிரிவினைக்காரர்களின் ஆட்கள், பெல்ஜிய அதிகாரிகள் கூடவே நின்றார்கள், உடலை அமிலத்தில் கரைத்தவர் ஒரு பெல்ஜியப் போலீஸ்காரர். மிச்சமிருந்த ஒரு பல்லை 2022-இல் பெல்ஜியம் குடும்பத்திடம் திருப்பிக் கொடுத்தது. பிரதமராகி ஏழு மாதம்கூட ஆகவில்லை அவருக்கு. காரணம் கட்டாங்காச் செம்பும் யுரேனியமும் பனிப்போரும். ஹிரோஷிமா குண்டுக்கான யுரேனியத்தில் பெரும்பகுதி கட்டாங்காவின் ஷின்கோலோப்வே சுரங்கத்திலிருந்து போனதுதான். பின்னர் வந்த மொபுட்டு 32 வருடம் ஆண்டு, காட்டுக்கு நடுவே சொந்த ஊரில் கான்கார்ட் விமானம் இறங்குகிற அளவுக்கு ஓடுபாதை போட்டுக்கொண்டார். மேற்கு நாடுகள் பார்த்துக்கொண்டுதான் இருந்தன, கம்யூனிஸ்டு இல்லையே, போதாதா?

கேள்வி: ருவாண்டாவை ஆப்பிரிக்காவின் சிங்கப்பூர் என்கிறார்களே, பெருமைப்படலாமா? (வாசகி, ஆங் மோ கியோ)

கிகாலி தெருக்கள் சுத்தம், பிளாஸ்டிக் பைக்கு 2008-லேயே தடை, 1994 இனப்படுகொலைக்குப் பிறகு ஒரு நாடு எழுந்து நிற்பதே பெரிய காரியம், எல்லாம் சரி. ஆனால் அதிபர் ககாமே 2024 தேர்தலில் 99 விழுக்காடு வாங்கினார், அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்குப் பெருமை வரவில்லை. பக்கத்துக் காங்கோவில் 2025 ஜனவரியில் கோமா நகரைப் பிடித்த எம்23 என்ற கிளர்ச்சிப் படைக்குப் பின்னால் ருவாண்டா இருப்பதாக ஐநா நிபுணர்கள் அறிக்கை மேல் அறிக்கை கொடுத்தார்கள், ருவாண்டா மறுக்கிறது. அந்தப் படை பிடித்த இடங்களில், கைப்பேசிக்குத் தேவைப்படும் கோல்டான் என்ற தாதுவின் சுரங்கங்கள் இருக்கின்றன. நாம் பக்கத்து வீட்டில் தண்ணீர் வாங்கினோம், ஒப்பந்தம் போட்டு, காசு கொடுத்து.

கேள்வி: இப்போது சீனாதானே புது வெள்ளைக்காரர்? (வாசகர், சுவா சூ காங்)

நம் ஊரில் இந்தக் கேள்வியைக் கேட்பதற்கே கொஞ்சம் தைரியம் வேண்டும். சீனாக்காரர் துப்பாக்கியோடு வரவில்லை, கடன் பத்திரத்தோடு வந்தார், கையெழுத்துப் போட்டது ஆப்பிரிக்க அமைச்சர்கள். 2020-இல் சாம்பியா கடனைக் கட்ட முடியாமல் திணறியபோது கடன்காரர் வரிசையில் சீன வங்கிகளும் இருந்தன, மேற்கத்திய முதலீட்டாளர்களும் இருந்தார்கள். எனக்குக் கவலை வேறு. காங்கோ வெட்டுகிற கோபால்ட்டில் பெரும்பகுதியைச் சுத்திகரிப்பது சீனாவில், காசு இருப்பது அந்த இடத்தில். ஜிம்பாப்வே 2022-இல் கச்சா லித்தியம் ஏற்றுமதியைத் தடுத்தது, காங்கோ 2025 பிப்ரவரியில் கோபால்ட் ஏற்றுமதியையே நிறுத்திப் பார்த்தது. பக்கத்தில் இந்தோனேசியா 2020-இல் நிக்கல் தாதுக்குத் தடை போட்டபோதும் எல்லாரும் சிரித்தார்கள், பிறகு உருக்காலைகள் அங்கேயே வந்தன, அவையும் பெரும்பாலும் சீனாக்காரருடையவை என்பது தனிக்கதை. தடை மட்டும் போதாது, ஆலைக்கு மின்சாரம் வேண்டும். மின்சாரம் இல்லை என்றுதானே போன மாதம் எழுதினேன்.

கேள்வி: ஆப்பிரிக்காவில் நம் தமிழர்கள் நன்றாக இருக்கிறார்களா? (பாட்டி, தோ பாயோ. பேத்தி எழுதி அனுப்பியது)

இருக்கிறார்கள் பாட்டி. 1860 நவம்பரில் ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து டர்பனுக்குப் போய்ச் சேர்ந்தது, கரும்புத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு. அவர்கள் கொள்ளுப் பேரப் பிள்ளைகள் இன்று தென்னாப்பிரிக்கர்கள். மொரீஷியஸுக்கும் அப்படித்தான் கரும்புக்குப் போனார்கள். அந்தத் தீவில் வைரமும் இல்லை, எண்ணெயும் இல்லை, 1968-இல் விடுதலை கிடைப்பதற்கு முன்பே இது தேறாது என்று சொன்ன பெரிய பொருளாதார நிபுணர்கள் உண்டு. கரும்பிலிருந்து துணி ஆலை, அப்புறம் சுற்றுலா, வங்கி என்று தேறிவிட்டது, ஆட்சியும் தேர்தலில் மாறி மாறிப் போகிறது.

அவர்கள் ரூபாய் நோட்டில் தமிழ் இருக்கிறது, ஆங்கிலத்துக்கு அடுத்து தமிழ், பிறகு இந்தி. 1998-இல் புது நோட்டு அடித்தபோது இந்தியை முன்னே போட்டுத் தமிழைப் பின்னே தள்ளிவிட்டார்கள். நம் ஆட்கள் விடுவார்களா, சண்டை பிடித்து அந்த நோட்டையே திரும்பப் பெற வைத்தார்கள். தைப்பூசத்துக்கு அங்கே பொது விடுமுறை. இங்கே 1968-இல் எடுத்தது எடுத்ததுதான், அதைப் பற்றி எனக்கு எழுத வேண்டாம், ஆசிரியர் அந்தக் கடிதங்களை எனக்குக் கொடுப்பதையே நிறுத்திவிட்டார்.